ஊருக்குள் நல்ல சின்னச் சாப்பாட்டுக் கடைகளையும் இனிப்புக் கடைகளையும் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கேக்கின் ஓரம் மெத்தென்று இருந்தது. முள்கரண்டி நடுப்பகுதிக்குப் போனதும் டக்கென்று நின்றுவிட்டது. உள்ளே பனிக்கட்டி. ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஓரம் இளகியதுமே தட்டில் வைத்துவிட்டார்கள். மேப்பில் 4.8 ஸ்டார் வாங்கிய கடை அது. வீட்டுக்கு வந்து அதன் ரிவ்யூக்களை மறுபடி படித்தேன், இந்தத் தடவை நிதானமாக. பாதிக்கு மேல் ஒரே பரிமாறுபவரின் பெயரைச் சொல்லிப் பாராட்டின. சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. "என் பேரைப் போட்டு அஞ்சு ஸ்டார் குடுத்துடுங்க சார், ஒரு ஐஸ்கிரீம் ஃப்ரீ" என்று பில் வரும்போது எனக்கும்தான் சொன்னார். அப்போது உறைக்கவில்லை.

அதற்கப்புறம் ஸ்டாரை நம்பிக் கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். வாரத்துக்கு மூன்று நாள் ஒரே கடையில் சாப்பிடுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ரிவ்யூ எழுத அவர்களுக்கு நேரமில்லை. பிடிக்கவில்லையென்றால் சத்தம் போடாமல் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அந்த ஆட்களைக் கண்டுபிடித்தால் போதும், கடை தானாகக் கிடைத்துவிடும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான். புது ஊருக்குக் குடிபோனவருக்கும், இரண்டு நாள் வேலையாக வந்தவருக்கும், பத்து வருடமாக ஒரே ஊரில் இருந்தும் அதே நான்கு கடையைத் தாண்டாதவருக்கும் பொருந்தும்.

1. எத்தனை நாள், எவ்வளவு தூரம்

முதலில் இதை முடிவு செய்துவிடுங்கள். ஊரில் இரண்டே நாள் இருக்கப்போகிறீர்கள் என்றால், முதல் நாள் ஒரு நல்ல கடை மாட்டியதும் மறுநாளும் அங்கேயே போவதில் தப்பே இல்லை. அங்கேயே குடியிருப்பவர் என்றால் கணக்கு தலைகீழ்: முதல் இரண்டு மாதம் ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போகாதீர்கள். நாள் நிறைய இருக்கும்போது புதிதைத் தேடுவதில் லாபம், நாள் குறையக் குறையத் தெரிந்ததைப் பிடித்துக்கொள்வதில் லாபம். கணினித் துறையில் இதைப் பெரிய ஆராய்ச்சியாகவே செய்கிறார்கள். நமக்கு இந்த அளவு போதும்.

தூரம்? கால் மணி நேர நடை. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஊர் முழுக்கத் தேடினால் எதையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டீர்கள்.

2. மேப்பில் தேடுவது

கூகுள் மேப்பில் "ரெஸ்டாரண்ட்" என்று அடித்தால் முதலில் வருவது நல்ல கடைகள் என்று நினைத்துக்கொள்கிறோம். பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறோம் என்று கூகுளே சொல்கிறது. பிரபலம் என்ற இடத்தில்தான் ஆறு மேஜை போட்ட கடை அடிபட்டுப் போகிறது. ஆகவே நீங்கள் செய்யவேண்டியது: திரையை நன்றாகப் பெரிதாக்கி, இரண்டு தெரு மட்டும் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்து, "இந்தப் பகுதியில் தேடு" என்பதை அழுத்துங்கள். ஊர் முழுவதும் தெரியும்போது மறைந்திருந்த கடைகள் அப்போது முளைக்கும். பொதுவான சொல்லை விட்டுவிட்டு, சாப்பிட நினைக்கிற பண்டத்தின் பெயரையே அந்த ஊர் மொழியில் அடித்துப் பாருங்கள். சின்னக் கடைக்காரர்கள் கடை வகையைச் சரியாகப் பதிவதில்லை. மளிகை என்று போட்டிருக்கும், உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

கடை கிடைத்ததும் ரிவ்யூவுக்கு வாருங்கள். "புதியவை முதலில்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய பாராட்டு அப்போதிருந்த சமையல்காரருக்கு உரியது. ஐந்து ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் தள்ளிவைத்துவிட்டு மூன்று ஸ்டார் கொடுத்தவர்களைப் படியுங்கள். கோபமும் இல்லாமல் குஷியும் இல்லாமல் எழுதுகிறவர்கள் அவர்கள்தான். அப்புறம் ரிவ்யூக்களுக்குள்ளேயே சொல் தேடும் வசதி இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை. நான் அதில் தேடுவது "எப்பவும்", "வாராவாரம்", "முன்ன மாதிரி இல்ல", "பழைய மாஸ்டர்" போன்ற சொற்களை. வேற்று மொழி ஊர் என்றால் அதற்கு இணையான சொல். ஒரு தடவை வந்துபோனவர் "முன்ன மாதிரி இல்ல" என்று எழுத முடியாது. குறையாகவே இருந்தாலும் அது பழகிய ஆள் சொல்கிற குறை.

படங்களில் கடைக்காரர் போட்டதை விடுங்கள். வாடிக்கையாளர் போட்டதில் சமீபத்தியதைப் பாருங்கள். தட்டைவிட அதன் பின்னால் தெரிவதுதான் முக்கியம்: பக்கத்து மேஜையில் யார், மேஜை துடைத்திருக்கிறதா, பட்டியல் அச்சடித்ததா அல்லது பலகையில் கையால் எழுதி அழித்து எழுதியதா. அழித்து எழுதிய பலகை என்றால் அன்றன்றைக்குச் சமைக்கிறார்கள் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம்.

எந்த நேரத்தில் கூட்டம் என்று காட்டும் பட்டை வரைபடமும் மேப்பில் இருக்கும். சனிக்கிழமையைப் பார்க்காதீர்கள், அன்றைக்கு எல்லா இடத்திலும் கூட்டம்தான். செவ்வாய் மதியம் பட்டை உயரமாக இருந்தால் அங்கே வேலைக்கு நடுவே ஓடிவந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டார்மேல் ஏன் இவ்வளவு சந்தேகம் என்று கேட்கலாம். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா 2011-ல் வெளியிட்ட ஆய்வில், யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று காட்டினார். அந்த விளைவு தனிக் கடைகளில்தான் தெரிந்தது, ஒரே பெயரில் பல கிளை வைத்து நடத்தும் கடைகளில் இல்லை. அப்படியென்றால் சின்னக் கடைக்காரருக்கு ஸ்டார் என்பது காசு. காசு இருக்கும் இடத்தில் ஃப்ரீ ஐஸ்கிரீமும் இருக்கும். 2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையையே உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிந்து, நண்பர்களைக்கொண்டு பொய் ரிவ்யூ எழுதவைத்தார். ஒரு தட்டுச் சாப்பாடுகூட விற்காமல், அந்த நவம்பரில் அது லண்டனிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது.

டெலிவரி செயலிகளைத் தேடலுக்கு நம்பவேண்டாம். ஒன்றுக்கு மட்டும் அவை உதவும்: கடையின் முகவரியைப் பாருங்கள். ஒரே முகவரியில் ஐந்து பெயர் இருந்தால் பெரும்பாலும் அது உட்கார்ந்து சாப்பிடும் கடையே இல்லை, பெயர்ப் பலகை மாற்றி மாற்றி விற்கும் ஒரே சமையலறை.

3. ஒரு தெருவை எடுத்து முழுக்க நடங்கள்

லாஸ் ஏஞ்சலஸின் ஜோனதன் கோல்ட் 2007-ல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கியவர். உணவக விமர்சகர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. அவர் பழகியது எப்படித் தெரியுமா? 1980-களின் தொடக்கத்தில், இருபதுகளில் இருந்தபோது, பிகோ என்ற ஒரே நீளச் சாலையை எடுத்துக்கொண்டார். நகர மையத்தின் பக்கம் தொடங்கி, ஒவ்வொரு கடையாகச் சாப்பிட்டுக்கொண்டே கடற்கரையை நோக்கிப் போனார். பெயர்போன கடை, பெயரில்லாத கடை என்று பிரிக்கவில்லை. வரிசையாக.

அந்த முறையைச் சின்ன அளவில் நாமும் செய்யலாம். ஒரு தெரு, இரண்டு பக்கமும், நடந்து. வண்டியில் போனால் பலகை பெரிதாக இருக்கும் கடைதான் கண்ணில் படும். முதல் நாள் எதையும் சாப்பிடாமல் நடங்கள். கஷ்டம்தான், ஆனால் செய்யுங்கள்.

எந்தத் தெரு? பெரிய சாலையின் முகப்பை விட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது தெரு. காரணம் வாடகை. முகப்புக் கடை வாடகை கட்டவே வழிப்போக்கர்களை இழுக்கவேண்டும், ஒரு தடவை வருகிறவரே அதற்குப் போதும். பின்தெருக் கடைக்கு வழிப்போக்கர் கிடையாது. வந்தவரே திரும்பி வந்தால்தான் பிழைப்பு. மருத்துவமனை, நீதிமன்றம், காய்கறிச் சந்தை, பணிமனை, அச்சகங்கள் இவற்றின் பின்பக்கம் தவறாமல் பாருங்கள். தினமும் அங்கே வந்தே ஆகவேண்டிய ஆட்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

நேரமும் முக்கியம். மதியம் ஒன்றரை மணிக்கு எல்லாக் கடையும் நிறைந்துதான் இருக்கும். அதில் ஒன்றும் தெரியாது. மூன்று மணிக்குப் போங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குப் போங்கள். சந்தை திறப்பதற்கு முன் விடியற்காலையில் ஒரு நாள் போங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சீருடையில், கையில் டிபன் பாத்திரத்தோடு யார் எந்தக் கதவுக்குள் நுழைகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் பட்டியலைப் பார்க்காமல் ஆர்டர் கொடுத்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

4. கேட்கும் விதம்

"இங்க நல்ல கடை எது?" என்று கேட்டால் யாரும் தான் சாப்பிடும் கடையைச் சொல்ல மாட்டார். வெளியூர்க்காரருக்கு எது கௌரவமாக இருக்கும் என்று யோசித்து, ஏசி போட்ட கடையைச் சொல்வார். விடுதி வரவேற்பாளரும் அப்படித்தான். அது அவர் தப்பில்லை, நம் கேள்வி அப்படி.

கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தடவை டாக்சி ஓட்டுநரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பெரிய ஹோட்டல் ஒன்றின் பெயர் வந்தது. "சரிண்ணே, நேத்து மதியம் நீங்க எங்க சாப்பிட்டீங்க?" என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நானா? அது பின்னாடி சந்துல சார். நாலு டேபிள்தான் இருக்கும். நீங்கள்ளாம் அங்க..." என்று இழுத்தார். இறக்கிவிடச் சொல்லி அங்கேயேதான் இறங்கினேன்.

நேற்று என்று கேட்டால் பரிந்துரை வராது, நடந்தது வரும். கூரியர் ஆள், மருந்துக்கடைப் பையன், இரவுக் காவலாளி, செவிலியர் ஆகியோரிடம் கேளுங்கள். கைக்காசுக்குள், கொஞ்ச நேரத்தில், வயிற்றைக் கெடுக்காமல் சாப்பிட்டாகவேண்டியவர்கள் இவர்கள்.

இன்னொரு கேள்வி, எனக்கு இதுவரை பெரிதாக ஏமாற்றம் தராதது: பிடித்த கடை ஒன்று கிடைத்ததும் அந்தக் கடைக்காரரிடமே, "உங்க கடை லீவுன்னா நீங்க எங்க போய்ச் சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். சமையல்காரர் காசு கொடுத்துச் சாப்பிடும் கடை சாதாரணமாக இருக்காது.

5. வாசலில் ஐந்து நிமிடம்

உள்ளே போகும்முன் கொஞ்சம் நில்லுங்கள். வரிசை நீளமாக இருந்தால் நல்ல கடை என்பதில்லை, கை மெதுவாகவும் இருக்கலாம். உள்ளிருந்து நிமிடத்துக்கு எத்தனை தட்டு வெளியே வருகிறது என்று எண்ணுங்கள். முன்னால் இருபது பேர், நிமிடத்துக்கு இரண்டு தட்டு என்றால் பத்து நிமிடத்தில் உங்கள் முறை. அதே இருபது பேர், மூன்று நிமிடத்துக்கு ஒரு தட்டு என்றால் ஒரு மணி நேரம். தட்டு வேகமாக நகரும் கடையில் பண்டம் ஆறிக் கிடக்க வழியில்லை என்பதுதான் இதில் பெரிய லாபம்.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, சூடானது 60 டிகிரி செல்சியசுக்கு மேலும் குளிரானது 5 டிகிரிக்குக் கீழும் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதி. நாம் தெர்மாமீட்டரோடு போகப்போவதில்லை. ஆனால் பாத்திரத்தைத் திறக்கும்போது ஆவி வருகிறதா, அடுப்பு எரிகிறதா அல்லது அணைத்துவிட்டு நெடுநேரம் ஆனதா என்பது வாசலிலிருந்தே தெரியும். எண்ணெய்ச் சட்டியையும் பாருங்கள். கறுத்து, ஓரமெல்லாம் நுரை கட்டி அடங்காமல் இருந்தால், கண்ணைக் கரிக்கும் புகை வந்தால், வறுத்தது எதையும் கேட்காதீர்கள். காசு வாங்கும் கையும் பண்டம் எடுக்கும் கையும் ஒன்றா என்று ஒரு பார்வை.

சுவரில் ஒட்டியிருப்பதையும் படியுங்கள், ஆனால் அளவோடு நம்புங்கள். நியூயார்க்கில் 2010 முதல் ஏ, பி, சி என்று சுகாதார மதிப்பெண்ணை வாசலில் ஒட்டுகிறார்கள். வேல்ஸில் 0 முதல் 5 வரையான மதிப்பீட்டை 2013 முதல் கட்டாயம் காட்டியாகவேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஆகவே அங்கே ஒட்டாத கடையைக் கண்டால் இணையத்தில் அதன் மதிப்பெண்ணைப் பார்த்துவிடலாம். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் இருக்கும். அது பதிவு செய்திருக்கிறார்கள் என்று மட்டுமே சொல்லும், பாத்திரம் கழுவினார்களா என்று சொல்லாது.

பட்டியல் சின்னதாக இருப்பது நல்லது. நான்கு மேஜைக் கடையில் நூற்றிருபது வகை என்றால் அதில் நூறு ஃப்ரீசரில் இருக்கிறது. "தீர்ந்துபோச்சு" என்று இரண்டு வரி அடித்திருந்தால் எனக்கு முகம் மலர்ந்துவிடும்.

6. இனிப்புக் கடைக்கு வேறு கணக்கு

சாப்பாட்டுக் கடையில் பழையது மூக்கிலேயே தெரிந்துவிடும். இனிப்பில் தெரியாது. சர்க்கரை கெட்டுப்போகாமல் காக்கும், குளிர் சுவையை மறைக்கும், அலங்காரம் மிச்சத்தை மறைக்கும். அதனால்தான் சாப்பாட்டை நன்றாகத் தேர்ந்தெடுக்கிறவர்கள்கூட இனிப்பில் ஏமாறுகிறார்கள்.

முதல் கேள்வி: "இன்னைக்கு எது போட்டீங்க?" எல்லாமே இன்றைக்குப் போட்டது என்று பதில் வந்தால் நம்பாதீர்கள். நல்ல கடையில் ஒன்றிரண்டைக் கைகாட்டி, "இது காலையில, இது நேத்து சாயங்காலம்" என்று பிரித்துச் சொல்வார்கள். எந்த நேரத்துக்குப் புதிதாக இறங்கும் என்று கேட்டுவைத்துக்கொண்டு அந்த நேரத்துக்குப் போங்கள். இனிப்புக் கடையில் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

கேக் என்றால் வெட்டிய முகத்தைப் பாருங்கள். ஓரம் காய்ந்து வெடித்திருந்தால், கிரீமுக்கும் கேக்குக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தால், அடித்தட்டில் நீர் கசிந்திருந்தால் நேற்றைக்கு முந்தையது. குளிர்ப்பெட்டிக் கதவு சரியாக மூடாமல் கிடந்தால் கிரீம் போட்ட எதையும் தொடவேண்டாம்.

ஐஸ்கிரீமில் கையே தராசு. ஐஸ்கிரீம் அடிக்கும்போது காற்று சேர்கிறது. கலவை எவ்வளவோ அதே அளவு காற்றைச் சேர்த்துவிட்டால் கிண்ணத்தில் பாதி காற்றுதான். அதற்கும் ஒரு எல்லை வேண்டும் என்றுதான் அமெரிக்காவில் ஒரு கேலன் ஐஸ்கிரீம் குறைந்தது 4.5 பவுண்டு எடை இருக்கவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதாவது 3.8 லிட்டருக்கு இரண்டு கிலோ. இத்தாலிய ஜெலாட்டோவில் காற்று இதைவிட வெகு குறைவு. ஒரே அளவுக் கிண்ணத்தை இரண்டு கடையில் வாங்கிக் கையில் பிடித்துப் பாருங்கள், எது கனம் என்று உடனே தெரியும்.

அடுத்தது நிறம். அரைத்த பிஸ்தா மங்கலான பழுப்புப் பச்சை. வாழைப்பழக் கூழ் வெளிறிய சாம்பல் நிறம். கண்ணைப் பறிக்கும் பச்சையும் மஞ்சளும் டப்பாவிலிருந்து வந்தவை. கண்ணாடிக்குப் பின்னால் மலைபோலக் குவித்து, உச்சியில் முழுப் பழம் செருகியிருந்தால், அது அப்படியே நிற்பதற்காக என்னவோ சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூடிபோட்ட உலோகக் குவளைகளில் வைத்திருக்கும் கடைக்குத்தான் என் கால் போகும்.

நாக்கில் நறநறத்தால்? ஐஸ் துகள் ஏறக்குறைய 50 மைக்ரானுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு தடவை உருகி மறுபடி உறைந்தால் துகள் அப்படி வளரும். கரண்ட் போய் வந்ததோ, பெட்டியை நெடுநேரம் திறந்துவைத்தார்களோ. ருசி பார்க்கச் சின்னக் கரண்டியில் கொடுத்தால், கடையிலேயே மிகச் சாதாரணமான வகையைக் கேளுங்கள். வெறும் பால், அல்லது வெனிலா. சாக்லெட்டும் கேரமலும் எதையும் மூடிமறைத்துவிடும், வெறும் பாலில் ஒளிய இடமில்லை.

இன்னொன்று. சாப்பிட்ட கடையிலேயே இனிப்பையும் முடித்துவிடாதீர்கள். இரண்டும் நன்றாகச் செய்கிற சின்னக் கடை அபூர்வம். நடந்து போங்கள், அந்த நடையில் வயிற்றில் கொஞ்சம் இடமும் கிடைக்கும்.

7. முதல் ஆர்டர்

கொஞ்சமாக. பட்டியலைத் திறக்கும் முன் சுற்றியிருக்கும் மேஜைகளைப் பாருங்கள். நான்கு பேர் ஒன்றையே சாப்பிட்டால் அதுதான் கடை. பரிமாறுபவரிடம் "என்ன நல்லா இருக்கும்?" என்றால் மீந்திருப்பதைச் சொல்லிவிடலாம். "எது முதல்ல தீரும்?" என்று கேளுங்கள்.

8. மூன்று தடவை, மூன்று நேரம்

ஒரு தடவை நன்றாக இருந்ததும் ஊருக்கெல்லாம் சொல்லிவிடாதீர்கள். வேறு கிழமையில், வேறு நேரத்தில் இன்னும் இரண்டு தடவை போங்கள். சின்னக் கடையின் ருசி ஒரு ஆளின் கையில் இருக்கிறது. அந்த ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு இருக்கும். அது எந்த நாள் என்று தெரிந்துகொள்வதில் பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

எழுதிவையுங்கள். மேப்பில் தனிப் பட்டியல் போட்டுச் சேமிக்கலாம், போனில் குறிப்பாக வைக்கலாம், எதுவானாலும் சரி. தேதியைவிடக் கிழமையும் மணியும் முக்கியம். பொது ரிவ்யூ எழுதினாலும் அதையே எழுதுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனையாவது தடவை. மேப்பில் இல்லாத கடை என்றால் சேர்த்துவிடலாம். ஆனால் அதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாற்பது பேருக்குச் சமைக்கிற ஆள் இருநூறு பேர் வந்து நிற்பதை விரும்பாமலும் இருக்கலாம். அப்படி ஒருவர் என்னிடம் "வேணாம் தம்பி, இருக்கறவங்களுக்கே பத்தல" என்று சொல்லியிருக்கிறார். சேர்க்கவில்லை.

அவர் கடையைப் பற்றி என் குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்:

"செவ்வாய், 3.40. பெரியவர் அடுப்பில். எண்ணெய் புதுசு. சூப் நாக்கைச் சுட்டது. ரொட்டி கடைசி இரண்டு, கிடைத்தது. வியாழன், 8.10. பையன் அடுப்பில். உப்பு தூக்கல். ரொட்டி இல்லை. சனி, 12.15. பெரியவர். ரொட்டி இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் துணி மூடிய தட்டில் ஏதோ இனிப்பு, பட்டியலில் இல்லை, பழைய ஆட்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கிறார். கேட்கவில்லை. அடுத்த சனி கேட்கணும்."